பழுதுக் கொப்பி

உலகின் மிகப் பெரிய விஞ்ஞான யந்திரம் ஓடத் தொடங்கி ஒன்பதாம் நாளே நின்றுபோயிற்று என்ற செய்தி 2008 செப்டெம்பரில் எங்கள் பத்திரிகை அலுவலகத்தின் வெளிநாட்டுச் செய்தி மேசைக்கு வந்தபோது, அதற்குக் கிடைத்த இடம் உள்பக்கத்தில் ஆறு வரி. வன்னிப் போர்ச் செய்திகள் முதற்பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை நிறைத்திருந்த காலம் அது. ஜெனீவா என்றால் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பேரவை என்றுதான் எங்கள் வாசகர்கள் அறிவார்கள். அந்நகரின் புறத்தே, பிரான்சின் எல்லையை ஊடறுத்துச் செல்லும் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள சுரங்கமொன்றில், நிலத்துக்கு ஏறத்தாழ நூறு மீற்றர் கீழே, துணிக்கை முடுக்கி ஒன்று இருக்கிறது என்பதில் அன்று எவருக்கும் பெரிய அக்கறை இருக்கவில்லை.

ஆயினும் அந்த ஆறு வரிச் செய்தி என்னை விடவில்லை. காரணம் என் வளர்ப்பு. நான் பிறந்து வளர்ந்தது சிவனொளிபாதமலை அடிவாரத்தில், நல்லதண்ணியை அண்டிய தேயிலைத் தோட்டமொன்றில். என் தாய்மாமன் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் யந்திரங்களைப் பழுது பார்ப்பவராக இருந்தார். எங்கள் சனங்கள் தொழிற்சாலையை ‘ஸ்டோர்’ என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலேறி வந்த யந்திரங்கள் அங்கே இருந்தன. அவற்றுக்கு உதிரிப்பாகம் கேட்டுக் கடிதம் எழுதினால் பதில் வருவதற்குள் ஒரு கொழுந்துக் காலம் முடிந்துவிடும். ஆகவே மாமா தாமே கடைந்தார், தாமே ஒட்டினார், தாமே பொருத்தினார். அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. எந்த யந்திரம், என்ன திகதி, எந்தப் பாகம் போயிற்று, ஏன் போயிற்று என்று அதில் எழுதி வைப்பார். ஒரு பேரிங் எரிந்துபோனால் அதை மாற்றிவிட்டுக் கைதுடைத்துக்கொண்டு எழுந்துவிட மாட்டார். “இது தனியா எரியல. இதோட அண்ணன் தம்பிங்க எங்கெங்க இருக்கானுங்கன்னு பாரு” என்று உதவியாளை விரட்டி, அதே வகைப் பேரிங் இருக்கும் மற்ற யந்திரங்களையும் திறந்து பார்ப்பார். அதனால் துரைமாரிடம் அவர் வாங்கிய ஏச்சுக் கொஞ்சநஞ்சமன்று. ஓடுகிற யந்திரத்தை ஏன் நிறுத்துகிறாய் என்பது அவர்கள் கேள்வி.

அந்த மனிதரின் மருமகனாகையால், ஜெனீவாவில் என்னதான் பழுதாயிற்று, அதை எப்படிப் பார்த்தார்கள் என்று அறியும் ஆவல் எனக்கு எழுந்தது. பின்வந்த ஆண்டுகளில் கிடைத்த அறிக்கைகளையெல்லாம் தேடி வாசித்தேன். அவற்றின் சாரத்தை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

* * *

சேர்ன் என்பது ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயர். அங்குள்ள பெரிய ஹாட்ரன் மோதுவியில் புரோத்தன்களை (தமிழகத்தார் புரோட்டான் என்பர்) ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் எதிரெதிர்த் திசைகளில் சுற்றவிட்டு மோதச் செய்கிறார்கள். அந்தக் கற்றைகளை வட்டப் பாதையில் வளைத்து வைத்திருப்பவை 1,232 பெரிய காந்தங்கள். ஒவ்வொன்றும் 15 மீற்றர் நீளம், ஏறத்தாழ 35 தொன் எடை. இவற்றின் சுருள்கள் மீகடத்திக் கம்பிகளால் ஆனவை. மீகடத்தி என்பது மின்னோட்டத்துக்குத் தடையே காட்டாத பொருள். ஆனால் அந்த நிலையை அடைய அதனைக் கடுங்குளிரில் வைக்க வேண்டும். ஆகவே காந்தங்களைத் திரவ ஹீலியத்தில் ஊறவைத்து, சுழியத்துக்குக் கீழே 271 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்கிறார்கள். வானவெளியின் வெற்றிடம்கூட இதைவிடச் சற்றுச் சூடானது.

ஒரு காந்தத்தின் கம்பியும் அடுத்த காந்தத்தின் கம்பியும் சேரும் இடத்தில் ஒட்டு வைக்க வேண்டும். இத்தகைய ஒட்டுகள் அந்தச் சுரங்கத்தில் பத்தாயிரத்துக்கு மேல் உண்டு. 2008 செப்டெம்பர் 10 ஆம் திகதி முதற் கற்றை வெற்றிகரமாகச் சுற்றிவந்து உலகமே கைதட்டிற்று. ஒன்பது நாள் கழித்து, 19 ஆம் திகதி முற்பகல், கற்றை எதுவுமின்றி வெறும் மின்னோட்டச் சோதனை நடந்துகொண்டிருந்தபோது, அந்த ஒட்டுகளில் ஒன்று கைவிட்டது.

எவ்வளவு சிறிய பழுது என்று பாருங்கள். அந்த ஒட்டின் தடை ஏறத்தாழ 220 நனோ ஓம் இருந்திருக்க வேண்டும் என்று பின்னர் கணித்தார்கள். ஒரு ஓமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நனோ ஓம். அவ்வேளையில் ஓடிய மின்னோட்டம் 8,700 அம்பியர். பாடசாலையில் படித்த சூத்திரப்படி மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வருவது பதினேழு வாட்டுக்கும் சற்றுக் குறைவு. லயத்து வாசலில் தொங்கும் ஒரு சிறிய மின்குமிழின் அளவு. அந்தக் கடுங்குளிரில் அவ்வளவு சூடே போதுமாயிருந்தது. ஒட்டைச் சுற்றியிருந்த கம்பி மீகடத்தும் தன்மையை இழந்தது. இழந்ததும் தடை கூடிற்று, தடை கூடியதும் சூடு கூடிற்று. இறுதியில் மின்வில் மூண்டு ஹீலியக் கலத்தைத் துளைத்தது. குளிர்ந்த ஹீலியம் ஆவியாகிப் பொங்கியது. அதை வெளியேற்ற அமைத்திருந்த அழுத்தத் திறப்பான்கள், கணக்கிட்டதைவிடப் பன்மடங்கு வேகமாக வந்த அந்த வாயுவைத் தாங்கவில்லை. அழுத்த அலை காந்தங்களைத் தள்ளிற்று. சில இடங்களில் தாங்கிகள் சுரங்கத்தின் கொங்கிறீற்றுத் தரையிலிருந்தே பெயர்ந்துவிட்டன. ஆறு தொன் ஹீலியம் வெளியேறிற்று. கற்றை செல்லும் குழாய்க்குள் கரியும் காப்புறைத் துகளும் படிந்தன.

அந்தத் தாங்கிகளைப் பற்றி ஒரு வார்த்தை. காந்தங்களை மயிரிழை பிசகாமல் நிறுத்தி வைக்கும் அந்தத் தாங்கிகள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவை இந்தியாவில் செய்யப்பட்டவை. வடிவமைத்தது இந்தூரிலுள்ள உயர் தொழில்நுட்ப மையம். இன்று அதற்கு இராஜா இராமண்ணா மையம் என்று பெயர். அணுவைப் பிளந்து பார்க்கும் வேலை வெள்ளைக்காரருடைய வேலை என்று எண்ணுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

* * *

இனிப் பழுது பார்த்த கதை. என் மாமா உயிரோடிருந்திருந்தால் இந்தப் பகுதியைத்தான் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார்.

முதலாவதாக, மறைக்கவில்லை. சம்பவம் நடந்து ஒரு மாதம் கழிவதற்குள், ஒக்டோபர் நடுப்பகுதியில், என்ன நடந்தது, எங்கே பிழை, எவ்வளவு சேதம் என்று இடைக்கால அறிக்கை ஒன்றை உலகம் வாசிக்க வெளியிட்டார்கள். கோடானுகோடி பணம் கொட்டிய யந்திரம் உலகத்தார் பார்த்திருக்கப் பழுதானது அவர்களுக்குப் பெரிய தலைக்குனிவுதான். ஆயினும் ஒட்டுக்களின் தரத்தைச் சோதிக்கும் முறை போதாமல் இருந்தது என்பதையும், அழுத்தத் திறப்பான்களின் அளவு போதாமல் இருந்தது என்பதையும் எழுத்தில் வைத்தார்கள்.

இரண்டாவதாக, சுரங்கத்தைச் சூடேற்றி உள்ளே இறங்கி, 53 காந்தங்களை மேலே கொண்டுவந்தார்கள். திருத்தக்கூடியவற்றைத் திருத்தி, மற்றவற்றுக்குப் பதிலாகச் சேமத்தில் இருந்தவற்றை எடுத்து, 2009 ஏப்ரல் 30 ஆம் திகதி கடைசிக் காந்தத்தைச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். நான்கு கிலோமீற்றருக்கு மேற்பட்ட குழாயை உள்ளே சுத்தம் செய்தார்கள்.

மூன்றாவதாக, ‘அண்ணன் தம்பிகளை’த் தேடினார்கள். இதுதான் முக்கியம். பழுதானது எட்டுப் பகுதிகளில் ஒரு பகுதி. மற்றப் பகுதிகள் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றின. ஆயினும் அங்கும் அளந்தார்கள். வேறு இரு பகுதிகளில் காந்தங்களுக்குள்ளேயே ஐயத்துக்குரிய ஒட்டுகள் அகப்பட்டன. அந்தக் காந்தங்களையும் கழற்றினார்கள்.

நான்காவதாக, அடுத்த பழுது எப்படி வரும் என்று யோசித்து அதற்கு முன்கூட்டியே கண்ணும் காதும் வைத்தார்கள். ஹீலியம் வெளியேற ஏறத்தாழ 900 புதிய வழிகள். காந்தப் பாதுகாப்பு அமைப்புக்கு 6,500 புதிய உணர்கருவிகள், அவற்றை இணைக்க 250 கிலோமீற்றர் கம்பி. இனி ஓர் ஒட்டு நனோ ஓம் கணக்கில் முனகினாலே கட்டுப்பாட்டு அறைக்குக் கேட்கும்.

ஐந்தாவது பாடம் எனக்கு மிகப் பிடித்தது. 2009 நவம்பர் 20 ஆம் திகதி கற்றை மீண்டும் சுற்றிற்று. ஆனால் முழு வலுவில் ஓட்டவில்லை. எல்லா ஒட்டுகளையும் உறுதி செய்யும்வரை திட்டமிட்ட சக்தியில் பாதியே போதும் என்று 2010 மார்ச் முதல் நிதானமாக ஓட்டினார்கள். அந்தப் பாதி வலுவுக்குச் சற்றே கூடுதலான சக்தியில்தான் 2012 ஜூலை 4 ஆம் திகதி ஹிக்ஸ் துணிக்கையைக் கண்டதாக அறிவித்தார்கள். அதன் பின்பு 2013 பெப்ரவரியில் யந்திரத்தை வேண்டுமென்றே நிறுத்தி, இரண்டு ஆண்டு செலவிட்டு, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஒட்டுகளையும் ஒவ்வொன்றாக வலுப்படுத்தினார்கள். புகழின் உச்சியில் நின்றபோது யந்திரத்தை நிறுத்திப் பழுது பார்த்த துணிவு சாதாரணமானதன்று.

பழுதுகள் அதோடு ஒழிந்தனவா? இல்லை. 2016 ஏப்ரலில் கீரியைப் போன்ற ஒரு சிறு பிராணி மின்மாற்றியில் ஏறித் தானும் மாண்டு யந்திரத்தையும் நிறுத்திற்று. 2023 ஜூலை 17 ஆம் திகதி சுவிட்சர்லாந்தில் எங்கோ ஒரு மரம் மின்கம்பியில் விழ, அந்த அதிர்வில் காந்தங்கள் சில குளிர் இழந்து, ஒரு குழாயின் மடிப்பில் ஒன்றரை மில்லிமீற்றர் அளவான வெடிப்பு உண்டாகி ஹீலியம் கசிந்தது. பழுது பார்க்கச் சில வாரங்கள் ஆயின. காற்றுக் காலத்தில் சவுக்கு மரம் விழுந்து மஸ்கெலியா முழுக்க இருளில் மூழ்குவதைப் பார்த்து வளர்ந்த நான் இதை வாசித்துச் சிரித்தேன். மரத்துக்கு ஏழை நாடு, பணக்கார நாடு என்ற வேறுபாடு இல்லை.

* * *

யந்திரம் ஒருபுறமிருக்க, மோதலைப் பார்க்கும் கண்கள் வேறு. அவையே உணர்கருவிகள். அட்லஸ், சி.எம்.எஸ். என்று இரண்டு பெரியவை. ஒவ்வொன்றும் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தின் அளவு இருக்கும். மோதுவியின் செறிவைப் பலமடங்கு கூட்டும் பணி இப்போது நடந்துவருகிறது. 2026 நடுப்பகுதியில் தொடங்கும் நீண்ட நிறுத்தத்தில் புதிய காந்தங்களைப் பொருத்தி, 2030 அளவில் மீண்டும் ஓட்டுவது திட்டம். அப்போது கற்றைகள் ஒருமுறை குறுக்கிடும்போதே 140 முதல் 200 மோதல்கள் ஒருங்கே நிகழும். பழைய கண்களால் அந்தச் சனக்கூட்டத்தில் ஆளை அடையாளம் காண முடியாது. ஆகவே இரண்டு கருவிகளிலும் உட்புறத்துத் தடங்காணும் பகுதி முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வைக்கிறார்கள். சி.எம்.எஸ். கருவியின் இரு முனைகளிலும் ஆறு மில்லியன் அளவான தனித்தனி உணர்முனைகள் கொண்ட புதிய அமைப்பு வருகிறது. ஒரு செக்கனை ஒரு இலட்சம் கோடியாகப் பகுத்து, அதில் முப்பது பங்கு வேறுபாட்டையும் பிரித்தறியும் நேரக்கருவிகளும் வருகின்றன.

இதில் கவனிக்க வேண்டிய சேதி ஒன்று உண்டு. இந்தப் புதிய கண்களைப் பற்றிய திட்டம் பழைய கண்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தபோதே தொடங்கிவிட்டது. பத்துப் பதினைந்து ஆண்டு முன்னதாகவே, கதிர்வீச்சில் எந்தப் பாகம் எப்போது மங்கும் என்று கணக்கிட்டு, அதற்கு மாற்று எது என்று யோசித்து, மாதிரி செய்து சோதித்து வந்திருக்கிறார்கள். திட்டம் வரைந்தவர்களில் பலர் அது ஓடும்போது ஓய்வு பெற்றிருப்பார்கள்.

* * *

நல்லதண்ணியில் யாத்திரைக் காலம் மார்கழிப் பூரணையில் தொடங்கி வைகாசிப் பூரணையில் முடியும். அண்மையில் ஒரு யாத்திரைக் காலத்தில் ஊருக்குப் போயிருந்தபோது, தேத்தண்ணிக் கடையொன்றில் இளம் ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். எங்கள் தோட்டத்துப் பிள்ளை. பல்கலைக்கழகம் சென்று பௌதிகவியல் படித்துவிட்டு ஊர்ப் பாடசாலைக்கே கற்பிக்க வந்தவர். பேச்சு சேர்ன் பக்கம் திரும்பிற்று. 2017 இல் இலங்கை அந்நிறுவனத்துடன் ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்துகொண்டதை அவர் அறிந்திருந்தார். நான் கருவி மேம்பாட்டைப் பற்றி உற்சாகமாகப் பேசப்போக, அவர் அமைதியாகக் கேட்டார்:

“ஐயா, அதுக்கு எவ்வளவு செலவாகும்?”

“புதிய மோதுவிப் பணிக்குப் பொருட்செலவு மட்டும் 950 மில்லியன் சுவிஸ் பிராங்க் என்கிறார்கள் தம்பி.”

“அந்தக் காசுல நம்ம ஆளுகளுக்கு எத்தன வீடு கட்டலாம்? எங்க லயத்துல இன்னும் தகரத்துக்கு மேல கல்லு வச்சிருக்கோம். நான் பிள்ளைகளுக்கு மீகடத்தி படிச்சுக் குடுக்கிறேன். மழை வந்தா வகுப்புல பாதிப் பிள்ளைங்க வராது. வீட்ட விட்டு வந்தா வீடு இருக்குமான்னு பயம்.”

கேள்வி நியாயமானது. இதை அலட்சியப்படுத்துவோர் மலையகத்தை அறியாதவர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறை வாழ்ந்த சனங்கள் நாங்கள். எங்கள் ஊருக்குச் செல்லும் வழியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் இருக்கிறது. பழைய மஸ்கெலியா நகரம் அதன் அடியில் கிடக்கிறது. கடும் வரட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலின் இடிபாடு தலைகாட்டும். அந்த நீரில் ஓடும் கெனியன் மின்நிலையம் 60 மெகாவாட் தருவது. சேர்ன் நிறுவனம் முழு வேகத்தில் இயங்கும்போது ஏறத்தாழ 200 மெகாவாட் வாங்கும்; அதாவது மூன்று கெனியன்கள் போதா. இலங்கைக்கு ஒளி தந்த ஆறுகள் எங்கள் தோட்டங்களின் ஊடாகத்தான் ஓடின. லக்சபான 1950 இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அந்தக் கம்பிகளின் கீழேயே இருந்த எத்தனையோ லயங்களில் அதன் பின்பும் பல பத்தாண்டுகள் குப்பி விளக்குத்தான் எரிந்தது. இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவர் செலவைப் பற்றிக் கேட்பதில் பிழையில்லை.

ஆனாலும் நான் அவருக்குச் சொன்ன மறுமொழி இதுதான். அந்தப் பணத்தை அங்கே நிறுத்தினால் அது இங்கே வீடாக வந்து சேராது. அங்கிருந்து இங்கே வரக்கூடியது வேறொன்று. அதற்குச் செலவும் இல்லை. அது பழுது பார்க்கும் முறை.

* * *

அதற்கு முன், இந்த விஞ்ஞானம் எங்களுக்கு அந்நியமானது என்ற எண்ணத்தையும் களைந்துவிட விரும்புகிறேன்.

கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் இருக்கிறது. அதைத் தோண்டியவர்களில் பெரும் பகுதியினர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்க் கூலிகள். எங்கள் முன்னோர் கண்டிச் சீமைக்குக் கப்பலேறிய அதே காலத்தில், அதே பஞ்சத்துக்கு அஞ்சி, அவர்கள் சுரங்கத்தில் இறங்கினார்கள். அந்தச் சுரங்கத்தில், நிலத்துக்கு இரண்டு கிலோமீற்றருக்கும் கீழே, 1965 இல் தாதா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய, பிரித்தானிய விஞ்ஞானிகளும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூத்திரினோக்களை உலகில் முதன்முதலாக இனங்கண்டவர்களுள் இடம்பெற்றார்கள். மேலேயுள்ள பாறை மற்றத் துணிக்கைகளை வடிகட்டிவிடும் என்பதால்தான் அந்த ஆழம் தேவைப்பட்டது. தங்கத்துக்காகத் தமிழன் வெட்டிய குழி விஞ்ஞானத்துக்கு உதவிற்று.

நீலகிரியின் கதை இன்னும் நெருக்கமானது. 1964 ஒக்டோபரில் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன்படி எங்கள் சனங்கள் இலட்சக்கணக்கில் இராமானுஜம் கப்பலேறினர். என் பெரியப்பா குடும்பமும் அவ்வாறு சென்றது. நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென்றே தமிழக அரசு தேயிலை நட்டது. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் இன்றும் மஸ்கெலியாப் பேச்சைக் கேட்கலாம். அதே நீலகிரியில், ஊட்டியில், கிரேப்ஸ்-3 என்னும் அண்டக்கதிர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீற்றர் உயரம். எங்கள் சிவனொளிபாதமலை உச்சிக்கு ஏறக்குறைய சமம். அங்கே 560 சதுர மீற்றர் பரப்பில், ஆறு மீற்றர் நீளமான இரும்புக் குழாய்கள் 3,712 அடுக்கி வைக்கப்பட்டு, வானத்திலிருந்து பொழியும் மியூவன் துணிக்கைகளை இரவு பகலாக எண்ணுகின்றன. முடுக்கி தேவையில்லை, வானமே முடுக்கி.

2014 டிசெம்பர் 1 ஆம் திகதி அந்தக் கூடத்துக்கு மேலே ஓர் இடிமுகில் கடந்தது. மியூவன் எண்ணிக்கை சில நிமிடங்கள் குறைந்தது. அந்தக் குறைவிலிருந்து, முகிலுக்குள் 130 கோடி வோல்ற்று மின்னழுத்தம் இருந்ததாகக் கணக்கிட்டு 2019 இல் வெளியிட்டார்கள். தேயிலை மலையில் இடி விழுந்தால் நாம் வீட்டுக்குள் ஓடுவோம். அங்கே ஒருவர் அதை அளந்திருக்கிறார். அந்தக் கூடத்தாரும் தம் மியூவன் கருவியின் பரப்பை இரட்டிப்பாக்கும் பணியில் இறங்கினார்கள். அதற்கான எண்ணிகளை வெளிநாட்டிலிருந்து வருவிக்காமல் ஊட்டியிலேயே செய்தார்கள். மாமாவின் வழிதான் அது.

* * *

இப்போது எங்கள் பழுதுக்கு வருவோம்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டாரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தார்கள் என்பது பின்னர் வெளிவந்தது. அதாவது உணர்கருவி வேலை செய்தது. ஒட்டு சூடாகிறது என்று சொல்லிற்று. ஆனால் அந்தக் கம்பி எந்தக் கட்டுப்பாட்டு அறையிலும் சென்று முடியவில்லை. போவதற்கு இடம் தராமல் போகச் சொன்னால் ஏழை எங்கே போவான்? மாற்றுக் காணி இல்லாத எச்சரிக்கை, வெளியேறும் வழியில்லாத ஹீலியம் போன்றது.

பதினோராண்டு கழித்து, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் 600 க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. மீரியபெத்தையின் ‘அண்ணன் தம்பிகள்’ எங்கெங்கு இருக்கிறார்கள் என்று இடையிலிருந்த பதினோராண்டில் எத்தனை தோட்டங்களில் இறங்கிப் பார்த்தோம்? பார்த்தவற்றில் எத்தனை லயங்களை இடம் பெயர்த்தோம்? நிவாரணப் பொதிகள் வழங்கிய படங்களைப் பத்திரிகைகள் அச்சிட்டன. நானும் என் காலத்தில் அச்சிட்டவன்தான். அவை தேவை. ஆனால் நிவாரணம் எரிந்த பேரிங்கை மாற்றுவது. மற்ற யந்திரங்களைத் திறந்து பார்ப்பது அன்று.

நான் கேட்பது பெரிய விடயங்கள் அல்ல. ஒவ்வொரு தோட்டத்திலும் மண்சரிவு அபாய வரைபடம் தமிழில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் சுவரில் ஒட்டப்பட வேண்டும். எந்த லயம் சிவப்பில் இருக்கிறது என்பது அந்த லயத்தில் உறங்குபவருக்குத் தெரிய வேண்டும். மழைமானி தோட்டக் காரியாலயத்தில் மட்டும் இருந்தால் போதாது. பாடசாலையிலும் இருக்க வேண்டும், பிள்ளைகள் அதைப் படித்து எழுத வேண்டும். ஒரு சரிவு நடந்தால் ஒரு மாதத்துக்குள் ஏன் நடந்தது என்ற அறிக்கை, யாரையும் காப்பாற்றும் நோக்கமின்றி, மூன்று மொழியிலும் வெளிவர வேண்டும். அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், இதே போன்ற சரிவு வேறெங்கெல்லாம் நேரலாம் என்ற பட்டியலும், அங்குள்ளோருக்கான மாற்றுக் காணி எங்கே என்ற விவரமும் இருக்க வேண்டும். இவற்றில் எதற்கும் மீகடத்தி வேண்டியதில்லை. காணி கொடுக்கும் மனம் வேண்டும். அதுதான் எங்கள் ஊரில் ஹீலியத்தைவிட அரிதாக இருக்கிறது.

ஆசிரியத் தம்பி நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “மழைமானி செய்யிறது லேசு ஐயா. ஒரு போத்தலும் புனலும் போதும். அடுத்த தவணையே பிள்ளைகள வச்சு ஆரம்பிச்சிரலாம். எழுதி வைக்கிறதுக்குத்தான் நல்ல கொப்பி வேணும்” என்றார்.

அந்தக் கொப்பியின் முதற் சில பக்கங்களைச் சென்ற மாதம் தொலைபேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தார். திகதி, காலை எட்டு மணி, மில்லிமீற்றர் என்று மூன்று நிரல்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையொன்றின் உருண்டையான எழுத்து. நான்காவதாக ஒரு நிரலைப் பிள்ளைகள் தாமாகவே சேர்த்திருக்கிறார்கள்: ‘லயத்துக்குப் பின்னால் மண் வெடிப்பு – உண்டு / இல்லை.’ இதுவரை எல்லாம் ‘இல்லை’ என்றே இருக்கிறது. ‘உண்டு’ என்று ஒரு நாள் ஒரு பிள்ளை எழுதினால், அதை அன்றே வாசித்து இடம் கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதை அதிகாரத்தில் இருப்போர் இப்போதே தீர்மானித்து வைத்தல் நல்லது.